கேசட்டில் அடங்காத பாட்டு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒசாகாவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் ஒருவர், "கேசட்டைக் கட்டிக்கிட்டு அழுத முட்டாளுங்க தோத்தானுங்க, சிடிக்குத் தாவினவன் ஜெயிச்சான்" என்று வீடியோ கேம் வரலாற்றை ஒரே வாயில் விழுங்கிவிட்டார். அந்த முட்டாள்களில் ஒருவரைப் பேசவிட்டால் என்ன?

இசோபெ தொராவோ ஒரு பிடிவாதக்கா

(வேண்டாம். தீர்ப்பை முதலில் எழுதினால் கதை எதற்கு?)

2

இசோபெ தொராவோ சிறிய கேம் கம்பெனி ஒன்றின் முதலாளி. தொண்ணூறுகளின் நடுவில், அவருடைய கப்பல் விளையாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. இசை, நகுமோ ஹிசாகோ. மூழ்கும் கப்பலில் மாலுமிகள் பாடும் கடைசிக் காட்சிக்காக, மீன்சந்தை ஆட்களைத் திரட்டி நிஜக் குரலில் பதிவு செய்திருந்தாள். கேம் பெட்டியில் செருகும் சில்லுக் கேசட்டில் அதற்கு இடமில்லை. சிடியில் தாராளமாக இருந்தது.

நகுமோ பக்கத்தில் நிற்க, இசோபெ சிடியில் ஓட்டிப் பார்த்தார். கப்பல் அறையின் கதவைத் தொட்டதும் திரை இருண்டது. பெட்டிக்குள் வட்டு கரகரவென்று சுற்றியது.

"என்ன பண்ணுது?"

"படிக்குது, இசோபெ சான்."

"எம் பொண்ணா இருந்தா இந்நேரம் எழுந்து போயிருப்பா. கேசட்ல தொட்டா கதவு திறக்கும்."

"திறந்து? உள்ள இருக்கறவங்க ஊமையா நிப்பாங்க."

"நின்னா நிக்கட்டும். நான் குழந்தைங்களைக் காக்க வைக்க மாட்டேன்."

(இங்கே நான் யார் பக்கம்? இருவர் பேச்சையும் எழுதி எழுதிப் பார்த்தேன். இருவருமே சரி. எழுதுகிறவனுக்கு இதைவிடத் தொல்லை இல்லை.)

3

கேசட்தான் என்று முடிவாயிற்று. நகுமோ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள் என்று எழுத எனக்கு ஆசை. அவள் தன் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனாள்.

விளையாட்டு வெளிவந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. "இன்னும் அனுப்புங்க" என்று கடைக்காரர்கள் பிய்த்தெடுத்தார்கள். சிடியாக இருந்தால் சுடச்சுட அச்சடித்து அனுப்பலாம். கேசட்டோ சில்லு பதித்த பொருள். ஆலையில் மாதக்கணக்கில் வரிசை. பணம் கட்டி வரவழைத்த இரண்டாம் சரக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆட்கள் பக்கவாட்டில் நடந்தார்கள். கம்பெனியை மூடும்படி ஆயிற்று.

பிடிக்காமல் போயிருந்தால் இசோபெ தாங்கியிருப்பார். பிடித்துப்போனதுதான் அவரைக் கவிழ்த்தது.

4

ஓராண்டு கழித்து, நூடுல்ஸ் கடைக்கு அவரை வரவழைத்தாள் நகுமோ. இப்போது சிடி விளையாட்டு செய்யும் கம்பெனியில் குழுத்தலைவி.

"உங்க கப்பலை மறுபடி செய்யப் போறோம். நீங்க வரணும்."

"உனக்குக் கீழயா?"

"ஆமா. எனக்குக் கீழ."

"கம்பெனியை முழுகடிச்ச கிழவன் எதுக்கு உனக்கு?"

"எங்க ஆளுங்க யாருக்கும் அந்தக் கதவு உறுத்தல. உங்களுக்குத்தான் உறுத்திச்சு."

(சம்மதித்தார் என்று எழுதினேன், தோற்றுப்போன மனிதராகத் தெரிந்தார். மறுத்தார் என்று எழுதினேன், சிலையாகிவிட்டார். இரண்டையும் கிழித்தாயிற்று.)

இசோபெ குச்சிகளைப் பிரித்தார். நூடுல்ஸைத் தொடவில்லை.

"நகுமோ, ஒண்ணு சொல்வேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. சொல்லுங்க."

சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், சொல்லுங்கள்.