மருதமுனையில் ஒரு பகற்சாப்பாடு

ஒலுவிலில் இருந்து சைக்கிள் மிதித்து வந்த ஏழு வெள்ளைக்காரரும் கல்முனைச் சந்தையடியில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பகற்சாப்பாடு எந்த வீட்டில் என்பது அப்போதுதான் அவர்களின் வழிகாட்டி ஸஜாத்துக்குத் தெரியவந்தது. சுற்றுலாக் கம்பனிக்காகக் கிழக்குப் பக்கத்து வீடுகளை ஒழுங்கு செய்து கொடுப்பவள் பாண்டிருப்புக்காரி கிருசிகா. அவள் போனில் செய்தி அனுப்பியிருந்தாள். மருதமுனை, பஸ்மினா வீடு.

நான்கு வருடம் அவன் மாப்பிள்ளையாக இருந்த வீடு அது.

சாமான்களோடு பின்னால் வான் ஓட்டி வந்த சுபியான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"என்ன காக்கா, மொகம் சுருங்கிப் போச்சி?"

"சாப்பாடு பஸ்மினாட வூட்டுல."

சுபியான் நிந்தவூர்க்காரன், கதை முழுவதும் தெரிந்தவன். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தான். "அப்ப நீங்க இண்டைக்கு விருந்தாளியா, வூட்டுக்காரரா?"

"பேசாமப் போய் வான எடு."

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அந்த வீட்டைக் கட்டியவர் மாமனார் ஸைனுலாப்தீன். ஸஜாத்தின் தொழிலோ தீவைச் சுற்றுவது. கொழும்பில் ஒரு கூட்டத்தை ஏற்றினால் சிகிரியாவில் மலை ஏற்றி, எல்லவில் நடக்க வைத்து, அறுகம்பேயில் அலையில் தள்ளி, பாசிக்குடா, திருகோணமலை என்று கொண்டுபோய் இறக்கும்வரை வீட்டு நினைப்பே வராது. அப்படிச் சுற்றிவிட்டு வந்த ஒரு நாள், சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது மாமா சிரித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வூட்டுக்கு நீங்களும் ஒரு டூரிஸ்ட்தான் மருமகன்."

பஸ்மினாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குத் தாங்கவில்லை. கை கழுவினான், பையை எடுத்தான், சாய்ந்தமருதில் இருந்த உம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

கோபித்துப் போன மாப்பிள்ளையைப் பெண்வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் வந்து மரியாதையாக அழைத்துப் போவார்கள். அவன் அதற்காகக் காத்திருந்தான். வந்தது மச்சான் றிபாத் மட்டும். மாமா வராமல் மகனை அனுப்பியது தன்னை மட்டம் தட்டத்தான் என்று நினைத்து, "வாப்பாவ வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினான். மாமா வரவில்லை. அடுத்த வருடம் அவர் மவுத்தாகிவிட்டார். ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் ஸஜாத் வீடு திரும்பினான். தலாக்கும் இல்லை, வாழ்வும் இல்லை. பிள்ளைகள் இல்லாததால் இரண்டு பேரையும் பிடித்து இழுக்க ஆளும் இருக்கவில்லை.

பாண்டிருப்பைத் தாண்டி மிதிக்கும்போது அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இன்றைக்குக் கேட்டுவிடுவது. யாரும் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, நானே வரட்டா என்று கேட்டுவிடுவது.

கேற்றடியில் பஸ்மினா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு நின்றாள். முன்பைவிட மெலிந்திருந்தாள். "வாங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். அடுப்படியில் மாமியின் வளையல் சத்தம் கேட்டது. மாமி வெளியே வரவில்லை.

மண்டபத்தில் பாய் விரித்து, இரண்டு சஹன் வைத்திருந்தாள். ஒவ்வொரு பெரிய தட்டிலும் நெய்ச்சோறு குவிந்து, மேலே கோழியும் பொரித்த மீனும் கத்தரிக்காய் மோஜுப் பிரட்டலும் இருந்தன. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கையால் சாப்பிட வேண்டும் என்று ஸஜாத் விளக்க, அலைகளுக்குப் பயப்படாத அந்தக் கூட்டம் சோற்றுக்குப் பயந்து ஒருவரை ஒருவர் பார்த்தது. முதல் சஹனில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். மற்றதில் மூன்று பேர்.

"இருங்க" என்றாள் பஸ்மினா, அவனைப் பார்க்காமல். "ஒரு பக்கம் காலியாக் கெடக்கு."

அவன் உட்கார்ந்தான். பக்கத்தில் ஹன்னா, ஒல்லாந்துக்காரி, ஓய்வு பெற்ற தாதி. ஏழு பேரிலும் வாய் ஓயாதவள். சோற்றை ஒழுகவிட்டபடி ஆங்கிலத்தில் கேட்டாள்: "இவருடைய கணவர் சாப்பிட வரமாட்டாரா? கேட்டுச் சொல்லு."

வேறு எதையாவது கேட்டு வைத்திருக்கலாம். அவன் உள்ளபடியே கேட்டான். "மாப்பிள்ள சாப்பிட வரமாட்டாரா எண்டு கேக்குறா."

"கேக்குறது அவவா, நீங்களா?"

"அவதான்."

"அப்ப அவவுக்குச் சொல்லுங்க." பஸ்மினா கரண்டியை வைத்தாள். "மாப்பிள்ள கோவிச்சிக்கிட்டுப் போனவரு. கூப்பிட வருவாங்க எண்டு அவரு பாத்துக்கிட்டு இரிந்தாரு. அவரு வருவாரு எண்டு நாங்க பாத்துக்கிட்டு இரிந்தம். இன்னும் கதவு சாத்தல்ல. அதையும் சொல்லுங்க."

ஏழு பேரும் கையைச் சோற்றில் வைத்தபடி அவனையே பார்த்தார்கள். லகுகலையில் யானை குறுக்கிட்டபோது அவன் கையசைவுக்கு அப்படியே நின்றவர்கள். அவனைப் பெரிய ஆளாக நினைத்திருப்பவர்கள்.

"கணவர் கத்தாரில் வேலை செய்கிறாராம்" என்றான் ஆங்கிலத்தில். "வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவாராம்."

"பாவம்" என்றாள் ஹன்னா, பஸ்மினாவைப் பார்த்து.

பஸ்மினாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் கத்தார் என்பதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டியதில்லை. அந்தத் தெருவில் பாதி வீட்டில் ஒருவர் கத்தாரில் இருந்தார். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஹன்னாவின் பக்கம் ஒரு கோழித் துண்டைத் தள்ளி வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஸஜாத் பின்வாசலுக்குப் போனான். அவள் பைப்படியில் சஹனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பஸ்மினா, நான் வரட்டா?"

அவள் பைப்பை மூடினாள்.

"வெள்ளக்காரருக்குச் சமைக்க ஏலா எண்டுதான் கிருசிகாக்கிட்ட முதல்ல சொன்னன். ஆர் கூட்டிக்கு வாற எண்டு கேட்டன். ஒங்கட பேரைச் சொன்னா. பொறகுதான் ஓம் எண்டன்." குரல் உயரவில்லை. "வாப்பா இல்ல. ஒங்களக் கூப்பிட இனி நான்தான் இரிக்கன். சஹன் வச்சிக் கூப்பிட்டுட்டன். நீங்க எண்ட சோத்துல கைய வச்சிக்கிட்டே ஒங்களக் கத்தாருக்கு அனுப்பிட்டீங்க."

"அத்தின பேருக்கு முன்னால எப்பிடிப் புள்ள சொல்ற?"

"அவங்களுக்கு நம்மட ஊர் தெரியா. நாளைக்கு ஒங்கட பேரும் மறந்துடும். அவங்களுக்கு முன்னாலயே ஏலாட்டி, எண்ட தெருவுக்கு முன்னால எப்பிடி வருவீங்க?"

அவன் முற்றத்துப் பக்கம் பார்த்தான்.

"அந்தா நிக்கிறா அவ" என்றாள். "போய் உள்ளதச் சொல்லிட்டு வாங்க. நான் இஞ்சதான் நிக்கன்."

ஹன்னா முற்றத்தில் தொப்பியின் பட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். பத்து எட்டு வைத்தால் போதும். தெருவில் சுபியான் ஹோன் அடித்தான். மற்றவர்கள் அவனைத் தேடித் திரும்பினார்கள்.

"வானுக்குள்ள வச்சிச் சொல்றன்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. பஸ்மினா சஹனைத் துடைத்தாள். சுவரில் சாய்த்து வைத்தாள்.

"செரி. நேரத்தோட பாசிக்குடா போகணும்தானே." பிறகு, ஊர்ச் செய்தி சொல்வதுபோல, "மத்த மாசம் றிபாத் காக்காவோட காதி கோட்டுக்குப் போறன், பிரிச்சி விடச் சொல்லி. அங்க கூப்பிட்டா வந்துடுங்க."

சைக்கிள்களை வானின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். கேற்றடியில் அவள் எல்லோருக்கும் கைகாட்டினாள். அந்த எல்லோரிலும் ஒருவனாக அவனும் ஏறினான்.

கல்லாற்றுப் பாலத்தில் வான் ஏறும்போது ஸஜாத் ஹன்னாவின் பக்கத்து ஆசனத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கத்தார் பொய் என்றும், அவள் கணவன் தான்தான் என்றும், அவள் உண்மையில் சொன்ன பதில் என்ன என்றும். ஹன்னா குறுக்கிடாமல் கேட்டாள். அவள் அப்படி வாய் மூடியிருந்து அவன் பார்த்ததில்லை.

"அப்படியென்றால் இதை ஏன் என்னிடம் இங்கே வைத்துச் சொல்கிறாய்?" என்றாள்.

வானைத் திருப்பச் சொன்னால் சுபியான் திருப்புவான். ஸஜாத் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தான். சுபியானும் அவனைப் பார்த்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். பின் ஆசனத்திலிருந்து யாரோ இது கடலா, ஆறா என்று கேட்டார்கள். கேட்டவர் பக்கம் திரும்பி ஸஜாத், இரண்டும் கலக்கும் களப்பைப் பற்றி விளக்கத் தொடங்கினான். பாலம் முடிந்ததும் சுபியான் பழையபடி வேகமெடுத்தான்.