தோற்ற படைகளும் ஜஹீராவின் பரீட்சையும்

ஜஹீரா எந்தப் போரைப் படித்தாலும் அதில் தோற்றவர்கள் மறுநாள் காலையில் பெரும்பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். வென்றவர்கள் ஒருவரும் வரவில்லை; அவர்களுக்குப் போக வேறு இடம் இருந்திருக்கும். முதலில் வந்தது பனியில் பின்வாங்கிய ஒரு பெரிய படையின் மிச்சம். நீலக் கோட்டு, மீசையில் உறைபனி, காலில் சுற்றிய கந்தல். அது காப்பிப் பழம் பறிக்கிற மாதம். அந்த மாதத்தில் மூட்டையோடு மலையேறி வருகிற எவரையும் பெரும்பாறையில் யாரென்று கேட்பதில்லை. முதலில் கடுங்காப்பி, அடுத்து இடுப்பில் கட்ட ஒரு சாக்கு, பெயரெல்லாம் சாயங்காலம்தான். எஸ்டேட் மேஸ்திரி ஈஸ்வரன், வெளியூரில் சொல்லிவைத்திருந்த ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டார்கள் என்று நினைத்து, தாமதத்துக்கு நன்றாகத் திட்டிக் காட்டுக்குள் இறக்கிவிட்டார். மத்தியானம் வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழத்தோடு பச்சைக் காயையும் சேர்த்து உருவுகிறார்களே என்று பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த சீனியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“பழுத்ததாப் பாத்துப் பறிங்கய்யா. என்ன அவசரம், பின்னால யாராச்சும் தொரத்துறாங்களா?”

அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜஹீரா பழனி கடைவீதியில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரியில் இடமும் கிடைத்த வாரத்தில் அவளுடைய அத்தா நிக்காஹ் பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளை ஜாசிம் நல்ல மனிதன், பெரும்பாறையில் மளிகைக் கடை வைத்திருந்தான், அதில் குறையொன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கல்லூரி விஷயத்தில் அவளுக்கு ஆத்திரம் ஆறவே இல்லை, அது நியாயமான ஆத்திரம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மகள்கள் இருவரும் படித்து வேலைக்குப் போன பிறகு, கடல்தாண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். உலக இலக்கியமும் போர் வரலாறும். இலக்கியம் சரி, சண்டை எதற்கு என்று ஜாசிம் கேட்டான்.

“ஜெயிச்சவுகளப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க மச்சான். தோத்தவுக அப்புறம் எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றாள்.

தெரிந்துகொள்ள வெகுகாலம் ஆகவில்லை. ஆற்றைக் கடக்கும்போது வளைக்கப்பட்டவர்கள் சொட்டச் சொட்ட வந்தார்கள். யானைப்படை ஒன்று வந்தது, வனத்துறைச் சோதனைச்சாவடியில் ஆட்களை விட்டார்கள், யானைகளை விடவில்லை. எஸ்டேட் ஆட்கள் தங்குகிற லயன் வீடுகள் நிறைந்து, பாச்சலூர் வரைக்கும் ஆள் தங்கினார்கள். ஒரே மாதத்தில் அத்தனை பேரும் நம் பேச்சைப் பேசினார்கள். தளபதிகள் மட்டும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டுப் பிறகு சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் கடை வாசலில் கூடி, நாங்கள் ஏன் தோற்றோம் என்று அவளிடம் கேட்பார்கள். ரொட்டி வந்து சேரவில்லை, பூட்ஸ் சரியில்லை, ராஜா பிடிவாதம் பிடித்தார் என்று அவள் படித்ததைச் சொல்லுவாள். “அப்பவே சொன்னம்க்கா, எவன் கேட்டான்” என்பார்கள்.

போர் ஆட்களாக வந்தது என்றால் இலக்கியம் வானிலையாக வந்தது. அவள் பாலைவன நாட்டுக் கவிதை படித்தால் கடைக்கூரையில் மட்டும் மணல்காற்று அடிக்கும். வடதேசத்து நாவல் படித்த ஒரு மாதம் முழுக்கக் கடைமீது பனி பெய்தது, பக்கத்து டீக்கடையில் வெயில் காய்ந்தது. ஜாசிம் அரிசி மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு வியாபாரம் பார்த்தான்.

கடைசிப் பரீட்சை ஒரு ஞாயிறு பகலில் வந்தது. கடைக்குப் பின்னாலிருந்த சரக்கு அறையில், கேமராவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். அறைக்குள் வேறு ஆள் தெரிந்தால் பரீட்சை ரத்து. இணைப்பு அறுந்து கால் மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டாலும் ரத்து, மறுபடி எழுத விடமாட்டார்கள். கல்லூரி வாசலில் இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பப்பட்டால் தாங்கமாட்டாள் என்று ஜாசிமுக்குத் தெரியும். அதனால் வியாபார நாளில் கடையைச் சாத்தி, வாசலில் தானே நின்றான். போர்ப் பகுதி முடிந்தது. இலக்கியத்தில் வடதேசத்து நாவலைப் பற்றிக் கேள்வி வந்தது. அது அவள் மனசுக்குப் பிடித்த நாவல், அதனால் நிறுத்தாமல் எழுதினாள். எழுத எழுத வெளியே பனி கொட்டியது. இந்த முறை கடையோடு நிற்கவில்லை, ஊரைத் தாண்டி, மேட்டிலிருந்த செல்போன் கோபுரத்தையும் மூடியது. திரையில் கண்காணிப்பாளர் அம்மாளின் முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்து நின்றது.

“மச்சான், சிக்னல் போச்சு!” என்று உள்ளிருந்து கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு ஜாசிமுக்கு அழுகையே வந்துவிட்டது.

நீலக் கோட்டுக்காரர்கள்தான் முதலில் ஓடினார்கள். அவர்களுக்குப் பனி பழகிய சங்கதி. அவர்கள் பின்னால் ஆற்றுப்படை, அதன் பின்னால் பாகன்கள். மேட்டில் முதல் ஆள் கோபுரத்தின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் தோளில் அடுத்தவன் கை, அவன் தோளில் இன்னொருவன் கை. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு, பின்னால் தனித்தனியே தோற்றவர்களும் அந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இடையில் இடுப்பளவு பனியில் ஈஸ்வரனும் சீனியம்மாளும் இரண்டு ஆள் இடத்தை அடைத்தார்கள். கடைசி ஆள் சரக்கு அறை ஜன்னல் கம்பியில் விரலை வைத்ததும் அந்த அம்மாளின் கண் முழுதாக மூடித் திறந்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஜஹீரா காட்டினாள்: பருப்பு மூட்டை, எண்ணெய் டின், ஜன்னல், ஜன்னலில் ஒரு விரல். அது யாருடையது என்று கேட்டார். அது அறைக்கு வெளியே இருக்கிறது, விதி அறையைப் பற்றித்தான் சொல்கிறது என்றாள் ஜஹீரா. அந்த அம்மாள் விதியைத் தேடிப் படித்துப் பார்த்துவிட்டு, எழுதச் சொன்னார். ஒருவரும் கையை எடுக்கவில்லை. அவள் கடைசி வரியை முடிக்கும் வரை பெரும்பாறை தோளோடு தோள் நின்றது.

முடிவு வந்த அன்று ஜாசிம் போனைத் தூக்கிப் பிடித்து வாசலில் நின்று சத்தமாக வாசித்தான். முதல் வகுப்பு. கடை முன்னால் படைகள் கூடியிருந்தன. ஆற்றுப்படையில் ஒரு நரைத்த ஆள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அக்கா, அப்ப நாம ஜெயிச்சாச்சா?”

“ஜெயிச்சாச்சு” என்றாள் ஜஹீரா.

ஜெயித்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்த நரைத்த ஆள் தலையை நிமிர்த்தி, தன் சொந்த பாஷையில், அதுவரை எழுப்பக் கொடுத்துவைக்காத ஒரு முழக்கத்தை எழுப்பினான். அதன் பின் ஒவ்வொரு படையும் அதனதன் பாஷையில் எழுப்பியது. அடிவாரத்தில் நின்ற யானைகள் பதில் கொடுத்தன. வத்தலக்குண்டு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். கேட்டிருக்கும்.

ஜஹீரா இப்போது மேற்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். மிளகுப் பறிப்புக்குள் எந்தப் போர் வரும் என்று விசாரித்துக்கொண்டு, ஜெயித்தவர்கள் இறங்கிப் போனபின் காலியாகக் கிடந்த லயன் வீடுகளுக்கு ஈஸ்வரன் வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறார்.