ஓய்வுச் சீட்டின் நகல்

அன்று மதியம் ஜிம்மில் இருந்தவர்கள் மூன்று பேர். கிடங்கு மேஸ்திரி, வயது அறுபத்தொன்று. அவர் மனைவியின் தம்பி, அதே கிடங்கில் வேன் ஓட்டுபவன். ஜிம் பயிற்சியாளன். மேஸ்திரியின் இதயக் குழாயில் மூன்று மாதத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட்டையும் சேர்த்தால் நான்கு.

டாக்டர் தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் பயிற்சி, மறுநாள் முழு ஓய்வு. ஓய்வில்தான் உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்ளும், இந்த வயதில் அதற்கு நேரம் பிடிக்கும் என்று வாயாலும் சொன்னார். மேஸ்திரி பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து சீட்டை நகல் எடுத்தார். ஒன்றைக் கடைத்தெரு ஜிம்மில் கொடுத்தார், மற்றதைப் பாலத்தடி ஜிம்மில். ஒரு நாள் அங்கே, மறுநாள் இங்கே. ஓய்வு நாளைத் தவறவே விடாத மனிதர் என்று இரண்டு இடத்திலும் அவருக்கு நல்ல பெயர்.

திங்கட்கிழமை கிடங்கில் உடல்தகுதிச் சோதனை. இருபது கிலோ மூட்டையை இருபது தடவை தோளுக்கு ஏற்றி இறக்க வேண்டும். தேறினால் இன்னும் இரண்டு வருடம் மேஸ்திரி. தேறாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து மனைவியோடு சீரியல்.

பாலத்தடி ஜிம்மின் படியில் பாதி ஏறியதும் நின்று சுவரைப் பிடித்தார். இடது தாடைக்குள் யாரோ திருகாணியை முறுக்குவதுபோல் இருந்தது. ஒரு வாரமாகவே இப்படித்தான். பல்வலி என்று முடிவு கட்டியிருந்தார். அந்தப் பக்கத்தில் அவருக்குப் பல்லே கிடையாது.

“என்ன மாமா, மூஞ்சி சாம்பல் பூத்துக் கெடக்கு?” என்றான் மச்சினன்.

“வெயில்டா.”

“வெயில் உங்களுக்கு மட்டும் தனியா அடிக்குதா? இன்னைக்கு ஒரு நாள் படுங்க மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சா உங்கள விட்டுடுவா, என் தோலத்தான் உரிப்பா.”

“அப்ப வாய மூடிக்கிட்டு வா.” போனை எடுத்து அவன் கையில் திணித்தார். “அவ கூப்பிட்டா தூங்குறேன்னு சொல்லு.”

மச்சினன் வாங்கிக்கொண்டான். கிடங்கில் அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மாமாதான்.

பயிற்சியாளன் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தான். மதியம் ஒரு மணி நேரம் ஜிம்மைப் பூட்டிவிடுவான். நம்பிக்கையான ஆள் என்றால் உள்ளே விட்டே பூட்டுவான்.

“நேத்து நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களாண்ணே?”

“குறட்டை விட்டுத் தூங்கினேன் தம்பி.”

“சின்னப் பசங்களுக்கு இது புரியவே மாட்டேங்குது. உங்களப் பாத்துக் கத்துக்கணும்.” மச்சினன் பக்கம் திரும்பினான். “நீங்களும் உள்ள இருக்கீங்களா?”

மச்சினன் வாயைத் திறந்தான். மேஸ்திரி ஒரு முறை முறைத்தார்.

“நான் வண்டியில இருக்கேன்” என்றான் தரையைப் பார்த்து.

மேஸ்திரி உள்ளே போய் மணல் மூட்டையின் இரு காதுகளையும் பற்றினார். இடது கை விரல்கள் மடங்க மறுத்தன. கையை உதறிவிட்டு மறுபடி குனிந்தார். அவருக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்தப்பட்டது. வெளியிலிருந்து சாவி இரண்டு சுற்று சுற்றியது.