வாலைத் தின்ற சொல்

தாய் ஈ முட்டைக்குள் செய்திகளைப் போட்டு வைக்கிறது. மெசெஞ்சர் ஆர்.என்.ஏ. என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் உண்டு. அது வளரும்வரை செய்தி தூங்கும். அந்த வாலை அளப்பதுதான் உகாண்டாவின் முபராராவில், ஓர் ஆய்வகத்தில், கெமிரெம்பேயின் பிழைப்பு. "நம்ம ஊர்ல மாட்டுக் கொம்பை அளப்பாங்க, நீ ஈ வாலை அளக்கற" என்று அவள் கணவன் முகுமே சீண்டுவான்.

இப்போது சீண்டவும் ஆளில்லை. சோமாலியாவின் மொகடிஷுவில் அமைதிப்படைச் சிப்பாயாக இருக்கிறான். புறப்பட்ட அன்று போகட்டுமா என்று கேட்டான். வீம்புக்காரி, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவன் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

மின்வெட்டில் செத்தது போக மிஞ்சிய ஈக்களுக்கு ஈஸ்ட் ஊட்டிக் கொழுக்க வைத்து, அன்று அவற்றின் முட்டைப்பைகளை எடுத்துக் குழாயில் போட்டுக்கொண்டிருந்தாள். திறந்த குழாய்க்கு மேலே யாரும் பேசக்கூடாது. எச்சில் துளி பட்டால் வாலெல்லாம் அரித்துப்போகும். போனும் உள்ளே வரக்கூடாது. இந்தச் சட்டத்தை எழுதிக் கதவில் ஒட்டியவளே அவள்தான்.

வெளியே போன் அடித்தது. கூட வேலை செய்யும் நுவாகபா அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு வாசலில் நின்றான்.

"மச்சான், அக்கா இங்கதான் இருக்காங்க. ஆனா வாயைத் திறக்க முடியாது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் முதல் தடவை!" முகுமே சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "கெமி, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. கையெழுத்துப் போடவா, வீட்டுக்கு வரவா? ஆபீசர் எதிர்லயே நிக்கிறார்."

"தலையாட்டுங்க அக்கா, நான் சொல்லிடறேன்."

"நீ சொல்லாதடா. அவ வாயால கேக்கணும்."

குழாயிலிருந்து முகத்தைத் திருப்பக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "வாங்க! வந்துடுங்க!"

தொடர்பு அறுந்திருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தாள், போகவில்லை.

மறுநாள் வால் நீளத்தைக் காட்டும் அளவுப் படத்தில் கோடு எதுவும் விழவில்லை. கரியைத் தேய்த்தது போல ஒரே ஈஷல்.

"ஒரு வார்த்தையில எல்லா வாலையும் தின்னுட்டீங்களே அக்கா!"

"போனா போகட்டும். அவருக்குக் கேட்டிருக்குமா?"

நுவாகபா புட்டிகளைத் துடைக்கத் தொடங்கினான்.

மிஞ்சிய கூட்டுப்புழுக்களிலிருந்து புது ஈக்கள் வெளிவந்தன; முகுமேயின் அழைப்பு இன்னும் வரவில்லை. கெமிரெம்பே மறுபடியும் ஈஸ்ட் ஊட்டினாள், மறுபடியும் முட்டைப்பைகளை எடுக்க உட்கார்ந்தாள். கதவில் சட்டம் எழுதிய அந்தத் தாள் அப்படியே இருந்தது. போனை மட்டும் உள்ளே கொண்டுவந்து, திறந்த குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.