ரெட்டை முடிச்சு

குடோனில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். பதினெட்டு வருஷமாக வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் என்று லாரியிலிருந்து இறக்கியே தோளை அகலப்படுத்திக்கொண்டவன். பெயர் வைத்தவர்களுக்கே இப்போது அப்படிக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. ஆறு வாரமாகக் கிரேனால் தரையில் விழுந்த தீப்பெட்டியைக்கூட எடுக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு ரெட்டைக் கதவு ஃபிரிட்ஜை லாரிப் பலகை வழியாக இறக்கும்போது, கட்டியிருந்த வார் அறுந்தது. கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவன் ஒட்டகம் என்கிற நெட்டையன். கிரேன் கையை விட்டிருந்தால் ஃபிரிட்ஜ் ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அவன் விடவில்லை, முதுகைக் கொடுத்துத் தாங்கினான். உள்ளே ஏதோ டொக்கென்றது. ஃபிரிட்ஜுக்கு ஒரு கீறல் இல்லை, ஒட்டகத்துக்கும் இல்லை. கிரேனுக்கு இடுப்பில் டிஸ்க் நழுவியிருந்தது. ஆபரேஷன் செய்தால்தான் நிமிர முடியும் என்றார் டாக்டர்.

வேலையில் அடிபட்டால் ஆபரேஷனையும் அதுவரைக்குமான சம்பளத்தையும் காப்பீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மனு போட்டான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: ஓய்வு நேரத்தில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது, வேலைக்கும் காயத்துக்கும் சம்பந்தமில்லை. அப்படி எழுதிக் கொடுத்த புண்ணியவான் சூப்பர்வைசர். வாரை மாற்றச் சொல்லி ஆட்கள் மூன்று தடவை கேட்டும் அவர் மாற்றவில்லை. அது வெளியே தெரிந்தால் அவருடைய நாற்காலி ஆடும்.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கிரேன் குதித்தான். அதாவது, குதிக்க முடியாததால் படுத்தபடியே கத்தினான்.

"ஓய்வு நேரமா? ஓய்வு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு! மணிக்கு முன்னாடி ஒரு நாளாவது பெட்டியை விட்டுட்டு ஒதுங்கியிருக்கேனா நான்?"

குடோன்காரனுக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. திருடன் என்றால்கூடச் சிரித்துக்கொண்டு போவான், மணிக்கு முன்னால் ஒதுங்குகிறவன் என்றால் அடிக்க வருவான். அந்த ஓய்வு நேரம் என்ற சொல்தான் கிரேனின் கண்ணில் முள்ளாகக் குத்தியது. மேல்முறையீடு என்று ஆறு பக்கம் எழுதினான். மணி எங்கே தொங்குகிறது, யார் அடிப்பார்கள், அன்று எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் அதில் இருந்தது. லேஸைப் பற்றி ஒரு வரி இல்லை.

தன் பக்கம் சாட்சி சொல்லக் கேட்டுக் கிரேன் ஒட்டகத்தை வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன் ஒரு பை ஆரஞ்சோடு வந்து, மின்விசிறியைப் பார்த்துப் பேசினான்.

"நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன் அண்ணே. ஒண்ணும் பாக்கல."

"ஃபிரிட்ஜைப் பிடிச்சுக்கிட்டே எந்தப் பக்கம்ப்பா திரும்பினே?" என்றாள் கிரேனின் மனைவி.

ஒட்டகம் தான் கொண்டுவந்த ஆரஞ்சிலேயே இரண்டை உரித்துத் தின்றுவிட்டுக் கிளம்பிப் போனான். வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு. கிரேனுக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. பதினெட்டு வருஷம் மாடாக உழைத்த தன்னைப் பொய்யன் என்று ஒரு காகிதம் சொல்கிறது, அதை மறுத்துப் பேச ஒரு ஆள் இல்லை.

விசாரணை நாள் காலையில் மனைவி அவனுக்கு பூட்ஸ் மாட்டிவிட்டாள். குனிய முடியாததால் ஆறு வாரமாகச் செருப்பு மாட்டிவிடுவது அவள் வேலை, அடிபட்ட பிறகு பூட்ஸை வெளியே எடுத்தது இன்றுதான். அவளுக்குப் பழக்கமும் உண்டு. தையல்கடையில் பேன்ட்டின் நீளம் குறைக்கிறவள். வருகிறவர்களின் காலடியில் மண்டியிட்டு அளவெடுத்து அளவெடுத்து, ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைப் பார்ப்பாள். பூட்ஸின் பின்காதைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். கால் உள்ளே போனது. அப்படியே மண்டியிட்டபடி நிமிர்ந்தாள்.

"ஏங்க, லேஸ் எங்க?"

"எந்த லேஸ்? இதுல ஏது லேஸ்? குடோன்ல எவனும் லேஸ் வெச்சுப் போடக் கூடாது. போன வருஷம் ஒருத்தன் லேஸ் கன்வேயர்ல மாட்டி..."

சொல்லிக்கொண்டே வந்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். எண்ணெய் டின்னைத் தூக்கி, அதன் அடியில் விரித்திருந்த காகிதத்தை உருவினாள். எண்ணெய் வட்டம் விழுந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"போனதும் முதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்" என்றான் கிரேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. முதல்ல அந்த சூப்பர்வைசரு வாயால சொல்லட்டும். நல்லா விளக்கமா சொல்லட்டும்."

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, ஒரு தண்ணீர் ஜாடி, கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள். எதிரே சூப்பர்வைசர் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு உட்கார்ந்திருந்தார். கிரேனின் மனைவி உள்ளே நுழைந்ததும் பார்த்தது அதைத்தான். கிரேனின் ஆறு பக்கத்தைப் புரட்டி அலுத்துப்போன அதிகாரி, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். மனைவி அவன் முழங்கையை இடித்தாள்.

"மேடம், எந்தக் கால் லேஸுன்னு சார்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றான் கிரேன்.

சூப்பர்வைசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமான கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"வலது கால் மேடம். நான் அலுவலக ஜன்னல்ல இருந்து பாத்தேன். ரெண்டு தடவை அவிழ்ந்துச்சு. மூணாவது தடவை இழுத்து ரெட்டை முடிச்சு போட்டாரு. அப்பத்தான் ஐயோன்னாரு."

"லேஸ் என்ன நிறம் சார்?" என்றாள் மனைவி.

"கறுப்பு."

அவள் எழுந்து வந்து கணவனின் காலடியில் மண்டியிட்டாள். கிரேனுக்கு முகம் சிவந்தது. வீட்டுக்குள் சரி, நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பூட்ஸைக் கழற்றுவதா? கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். இடுப்பு சுளீரென்றது, பேசாமல் விட்டுவிட்டான். அவள் வலது பூட்ஸைக் கழற்றி, அதிகாரியின் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேடம், இது குடோன்லயே குடுத்த பூட்ஸு. ரெட்டை முடிச்சு எங்க போட்டாருன்னு சார் காட்டட்டும்."

அதிகாரி பூட்ஸை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். லேஸ் இல்லை, லேஸ் கோக்க ஓட்டையும் இல்லை. சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார்.

"அன்னைக்கு... அன்னைக்கு வேற ஷூ போட்டுட்டு வந்திருந்தாரு மேடம். லேஸ் வெச்சது."

மனைவி காத்திருந்தது இதற்குத்தான். கைப்பையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தை எடுத்து நீட்டினாள். பூட்ஸோடு சேர்த்துக் கொடுத்த குடோன் பாதுகாப்பு விதிகள், அதில் நான்காவது விதி. அதிகாரி அதை நிதானமாக, சத்தமாகப் படித்தார்: லேஸ் வைத்த காலணியோடு எவரையும் உள்ளே அனுமதிக்கக் கூடாது, அனுமதித்தால் அதற்கு சூப்பர்வைசரே பொறுப்பு.

"கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

"ஆமா மேடம்."

"அப்ப சொல்லுங்க. லேஸே இல்லையா, இல்ல லேஸோட இவரை நீங்க உள்ள விட்டீங்களா?"

சூப்பர்வைசர் பூட்ஸைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். இரண்டில் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். ஊற்றியதில் பாதி மேஜையில் போனது. அப்புறம், யாரும் கேட்காமலே, வார் கொஞ்சம் பழசுதான் என்றார்.

அதிகாரி அரை மணி நேரம் எழுதினார். காயம் வேலையில் நேர்ந்தது, ஆபரேஷனும் சம்பளமும் தரப்பட வேண்டும். கிரேன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த ஓய்வு நேரம்ங்கறதையும் அடிச்சிருங்க மேடம். மணி அடிக்கல."

அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார், பேனாவால் அதை அழுத்தி அடித்தார். கிரேனின் கண் கலங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டான்.

நடைபாதையில் அவர்களுக்கு முன்னால் சூப்பர்வைசர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். மனைவியின் கண் வழக்கம்போலக் கீழே போனது.

"சார், லேஸ் அவிழ்ந்திருக்கு. பாத்துக் குனியுங்க."

அவர் நின்றார். ஷூவைப் பார்த்தார். திரும்பி இவர்களையும், கதவருகே நின்ற அதிகாரியையும் பார்த்தார். குனியலாமா வேண்டாமா என்று முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. கடைசியில் குனியவில்லை. கறுப்பு லேஸ் தரையில் இழுபட, காலை அகட்டி அகட்டி வைத்து மாடிப்படி இறங்கினார்.

கிரேனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்த வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"ஐயோ, வலிக்குது!"

அதிகாரி அம்மாள் ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இந்தத் தடவை அவனிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.