துண்டில் கட்டிய ஐஸ்

துண்டின் முனையிலிருந்து ஐஸ் நீர் முழங்காலில் சொட்டுகிறது, கெண்டைக்காலில் இறங்கிப் பாயை நனைக்கிறது, மீன் பெட்டிகளுக்குப் போடுகிற அந்த ஐஸை துறைமுகத்திலிருந்து அக்கா ஜெசிந்தாதான் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள், அவளுக்குப் பதினான்கு, எனக்குப் பன்னிரண்டு, இல்லை, அது அப்போது, இப்போது முழங்கால் மறுபடி வீங்கிக் கிடக்கிறது, என்னைப் பார்க்க வந்த அக்கா ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் துண்டில் கட்டுகிறாள்.

காயமே இல்லாமல் மூட்டுக்குள் ரத்தம் கசிகிற நோய் என்று அன்று எங்களில் யாருக்குத் தெரியும், அம்மா பாவம், சுளுக்கென்று நினைத்து உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள், தைலம் போட்டு உருவினாள், பாசத்தோடு உருவி உருவியே என் காலை நிமிராதபடி மடக்கிவிட்டாள், பிறகு ஒரு டாக்டரம்மா, இது ஹீமோபிலியா, ரத்தம் உறையாது, தாய்வழியா வர்றது, இனிமே சூடு காட்டாதீங்க, உருவாதீங்க, ஐஸ் வைங்க என்றபோது அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள், வீட்டுக்கு வந்ததும் வலி தாங்காமல் அந்தக் கைகளைத் தட்டிவிட்டு நான் கத்தினேன், எதுக்கு என்னையப் பெத்த, வாசலில் ஐஸோடு அக்கா நின்றிருக்கிறாள், நான் பார்க்கவில்லை, அரை மணியில் வலி இறங்கியது, மிச்ச ஐஸை இருவரும் வாயில் போட்டுக் கடித்தோம், மீன் நாத்தம்லே என்று அவள் துப்ப, நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன், அதை அவள் மறந்துவிட்டாள்.

காலையில்தான் ரத்தம் உறைய ஊசி போட்டுவிட்டு வந்தேன், அரசு ஆஸ்பத்திரியில் இப்போது சும்மாவே போடுகிறார்கள், சின்ன வயதிலேயே தொடங்கினால் கால் என்னுடையதைப் போல மடங்கிப்போகாது, பிள்ளை ஓடலாம், இதைச் சொல்லத்தான் அக்காவுக்காகக் காத்திருந்தேன், அவள் வயிற்றில் நான்கு மாதம், அந்தப் பிள்ளைக்கும் இதே நோய் என்று போன வாரம் பரிசோதனையில் வந்திருந்தது, நான் வாயெடுக்கும் முன் அவள் சொன்னாள், செவ்வாக்கெழம போய் கலைச்சிட்டு வந்துட்டேன்லே, யாரையும் கேக்கல, கேக்க என்ன இருக்கு, நீதான் அன்னைக்கே அம்மாட்ட எதுக்குப் பெத்தன்னு கேட்டுட்டல்லா.

அக்கா, அது வலியில கேட்டதுக்கா என்கிறேன், அப்புறம் சிரிச்சேனே, இந்த நோயோட பொறக்கலாமான்னு சொல்ல வேண்டியவன் நான்லா, துண்டு முழங்காலிலிருந்து நழுவி அவள் மடியில் விழுகிறது, ஐஸ் நீர் அவள் அடிவயிற்றை நனைத்துக்கொண்டே போகிறது, அவள் அதை எடுக்கவில்லை.