சட்டையின் எடை

நான் திரைச்சீலை தைப்பவள். பிரசவத்துக்குப் பிறகு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டு மெஷினிலேயே தைக்கிறேன். துணியையும் அளவையும் முதலாளி அனுப்பிவிடுவார். திரைச்சீலையின் அடிமடிப்புக்குள் சின்னச் சின்ன இரும்பு வில்லைகளை வைத்துத் தைப்போம். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிராம், கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும். அந்தக் கனம் இருந்தால்தான் திரை காற்றில் பறக்காமல், கோணாமல் தொங்கும். என் மெஷினுக்குக் கீழே அந்த வில்லைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் செய்த காரியத்துக்கு வேறு எந்தத் தொழிலில் இருப்பவளுக்கும் இவ்வளவு சுலபமாக வழி கிடைத்திருக்காது.

எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மாடியில் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, அவளுக்கு ஆண் பிள்ளை. பன்னிரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டில் எனக்குப் பெண். அவன் பிறக்கும்போதே மூன்றே முக்கால் கிலோ. கையில் மடிப்பு, கழுத்தில் மடிப்பு, தொடைக்கு மூன்று மடிப்பு. பார்த்தவர்கள் எல்லாம் ஜமீன் என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. என் மகள் இரண்டு கிலோ அறுநூறு. அவளைச் சிட்டு என்றார்கள். கொஞ்சித்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அது குத்தலாகக் கேட்டது.

தெரு முனையில் குழந்தைகள் நல நிலையம் இருக்கிறது. மாதம் ஒரு நாள் எடை பார்ப்பார்கள். கூடத்தில் நாற்காலிகள், கதவு திறந்தே கிடக்கும் உள்ளறையில் தராசு. அங்கே இருக்கும் சிஸ்டர், இலக்கம் தப்பக்கூடாது என்று எடையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் அட்டையில் எழுதுவார். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை தாய்மார்களின் காதும் அந்த அறையில்தான் இருக்கும். வாய் மட்டும் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும்.

முதல் மாதம் ஜமீன் நாலே முக்கால், சிட்டு மூன்று நானூறு. நான் வெளியே வந்ததும் அக்கா (ஓரகத்தியை அப்படித்தான் கூப்பிடுவேன்) என் கையைப் பிடித்துக்கொண்டு, "பால் பத்தலையோ? நான் வேணா ஒரு டப்பா வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டாள். மனசாரத்தான் கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். பிள்ளையை விட்டுவிட்டு என்னையே தராசில் ஏற்றி, இவள் குறைகிறாள் என்று கூவினது போல இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிஸ்டர் அன்றைக்கே எனக்கு எல்லாம் விளக்கினார். அட்டையில் வளைந்து மேலே ஏறும் கோடுகள் அச்சிட்டிருக்கும். "பாரும்மா, பெரிய பிள்ளைக்கு மேல் கோடு, சின்னப் பிள்ளைக்குக் கீழ்க் கோடு. எந்தக் கோட்டுல இருக்குன்னு கவலப்படாத. தன் கோட்ட ஒட்டியே ஏறுதான்னு மட்டும் பாரு. ஒண்ணுக்கு நல்லாப் போகுதா, முழிச்சிருக்கும்போது துறுதுறுன்னு இருக்கா, அதப் பாரு. இவ நல்லாத்தான் ஏறுறா." நான் தலையாட்டினேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். கீழ்க் கோடு என்ற வார்த்தை மட்டும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

அது குளிர்காலம். எடை பார்க்கும் அறையின் ஹீட்டர் பழுது. அதனால் பிள்ளைகளை உடுப்போடு நிறுத்து, எல்லாருக்கும் பொதுவாக இருநூறு கிராம் கழித்துக்கொண்டார்கள். இரண்டாம் மாத எடைக்கு முந்தின நாள், சிட்டுவுக்குப் பஞ்சு வைத்த சட்டை ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். கால் பக்கத்தில் வில்லை டப்பா. கை தானாகப் போய் நாலு வில்லையை எடுத்தது என்று சொன்னால் அது பொய். யோசித்துத்தான் எடுத்தேன். பிள்ளையின் உடம்பில் உறுத்தாமல், பஞ்சுக்கு வெளிப்பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பை தைத்து மூடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை.

"நாலு முன்னூறு," என்று சிஸ்டர் சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் மாதம் பத்து வில்லை. நான்காம் மாதம் இருபது. ஒரு தடவை ஏற்றியதை அடுத்த தடவை இறக்க முடியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. இறக்கினால் பிள்ளை இளைத்த கணக்காகிவிடும். நான்காம் மாதம் ஐந்து எண்ணூறு. என் கணவர் அட்டையைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா அட்டையை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். "ஒரே மாசத்துல முக்கா கிலோவா?" என்றாள். அந்த மாதம் ஜமீன் அரை கிலோகூட ஏறவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. இப்போது அதை எழுதவே கூசுகிறது.

ஐந்தாம் மாதம் இருபத்துநான்கு வில்லையோடு போனேன்.

அறை வாசலிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டரைச் சரி செய்துவிட்டார்கள். "இனிமே துணி எல்லாம் கழட்டிட்டுத்தான்மா. அப்பத்தான் சரியான எடை," என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் சட்டையின் கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு கழற்றி, என் முழங்கையில் போட்டுக்கொண்டேன். அம்மணமாகத் தராசில் கிடந்த சிட்டு காலை உதைத்துச் சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

சிஸ்டர் எடையைச் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிவிட்டு, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, திரும்பப் படுக்கவைத்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவை அவர் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"அஞ்சு எழுநூறு," என்றார் தணிந்த குரலில். "போன மாசத்தவிட நூறு கிராம் குறைஞ்சிருக்கும்மா. காய்ச்சல் ஏதாவது வந்துச்சா? வயித்தால போச்சா?"

"இல்ல சிஸ்டர்."

"பால் குடிக்கிறாளா?"

"நல்லாக் குடிக்கிறா."

அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர்தான், கதவும் சாத்தியிருந்தது. நான் சட்டையை முழங்கையில் இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அடுத்த அறையிலிருந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் நாடாவால் சிட்டுவின் தலையை அளந்தார், உயரத்தை அளந்தார், கையைப் பிடித்துத் தூக்கிக் கழுத்து நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறாள் என்று கேட்டார். ஏழெட்டுத் தடவை என்றேன். "பாத்தா ஒரு குறையும் தெரியல," என்று அட்டையைப் புரட்டினார். "ஆனா மூணு மாசமா தன் கோட்ட விட்டு மேல மேல ஏறி, திடீர்னு இறங்குது. இத சும்மா விட முடியாது. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்." எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தார். சட்டை தொங்கிய கைப் பக்கத் தோள் அது. நான் சட்டென்று விலகிக்கொண்டேன்.

ரத்தம் எடுப்பவர் மெலிந்த மனிதர், பொறுமைசாலி. சிட்டுவின் கையைத் தேய்த்துத் தேய்த்து நரம்பைத் தேடினார். "கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கங்கம்மா," என்றார். நான் பிடித்தேன். என் இந்தக் கையால், அசையாதபடி, நான்தான் பிடித்தேன். ஊசி உள்ளே போனதும் சிட்டு உடனே அழவில்லை. கீழுதடு பிதுங்கியது. என் முகத்தைப் பார்த்தாள். அம்மா இருக்கிறாளே, இவள் விடமாட்டாளே என்பது போல ஒரு பார்வை. அப்புறம்தான் வீரிட்டாள்.

"நரம்பு வழுக்கிருச்சு," என்றார் அவர். "அந்தக் கைய காட்டுங்க."

இரண்டாவது ஊசிக்குத்தான் எனக்கு வாய் வந்தது. முதல் ஊசிக்கு வரவில்லை. அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. சொல்லவும் முடியாது.

"வேண்டாம்," என்றேன். "சிஸ்டர், கொஞ்சம் வாங்க."

சிட்டுவை மார்போடு அணைத்துக்கொண்டு எடை அறைக்குப் போனேன். சிஸ்டர் பின்னாலேயே வந்தார். முழங்கையில் கிடந்த சட்டையை எடுத்துத் தராசில் போட்டேன். இலக்கம் ஓடி நின்றது. எழுநூற்றுப் பத்து கிராம்.

சிஸ்டர் இலக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையின் ஓரத்தை விரலால் நெருடினார். "என்னது இது?"

"திரைச்சீலைக்கு வைக்கிற இரும்பு. இருபத்துநாலு இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாம் மாசத்துலேர்ந்து."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை விரித்தார். "எந்த மாசம் எத்தன வச்ச? சரியாச் சொல்லு."

"நாலு. அப்புறம் பத்து. போன மாசம் இருபது." மறந்துபோகவா செய்யும்?

வேறு நிறப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் கழித்துப் புள்ளி வைத்தார். நாலு இருநூறு. நாலு எண்ணூறு. ஐந்து முன்னூறு. இன்றைக்கு ஐந்து எழுநூறு. பிறகு புள்ளிகளைச் சேர்த்தார். கீழே அச்சிட்டிருந்த கோட்டுக்கு ஒரு விரல் மேலே, அதை ஒட்டியே, ஒரு இடத்திலும் வளையாமல் சரியாமல் சிட்டுவின் கோடு மேலே ஏறிப் போயிருந்தது. பிறந்த நாளிலிருந்து அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. என் பிள்ளை தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் அவளைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

"மூணு மாசமா நான் உன் சட்டையத்தான் வளத்திருக்கேன்," என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அட்டையை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு இவளுக்கு நெசமாவே எடை குறைஞ்சிருந்தா நான் எத நம்புறது? போ. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பிள்ள அழுவுது பாரு, பால் குடு."

அங்கேயே உட்கார்ந்து கொடுத்தேன். ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தக் கையால் என் ரவிக்கையைப் பற்றிக்கொண்டு, ஒரு கோபமும் இல்லாமல் குடித்தாள்.

கூடத்துக்கு வந்தபோது அக்கா எனக்காகக் காத்திருந்தாள். மடியில் ஜமீன், அவன் வாயில் பாட்டில். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, திரும்பப் பாட்டிலை வைத்தாள். பால் கடைவாயில் வழிந்தது. அது வெறும் பால் இல்லை, மாவு கரைத்துக் கெட்டியாக இருந்தது.

"இது எப்பலேர்ந்து அக்கா?" என்றேன்.

"போன மாசத்துலேர்ந்துதான். தாய்ப்பாலுக்கு மேல தெனமும் ரெண்டு பாட்டில்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன் பொண்ணு ஒரே மாசத்துல முக்கா கிலோ ஏறினாள்ல. உங்க அத்தான் அட்டையப் பாத்துட்டு, தம்பி பிள்ள ஓடுது, நம்ம பிள்ள நடக்குதுன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. குடிச்சதுல பாதியக் கக்கிடுறான். சிஸ்டர்கிட்ட இன்னும் சொல்லல. ஏதாவது சொல்லுவாங்களோன்னு இருக்கு. ஆமா, சிட்டு ஏன் அப்பிடி அழுதா? எவ்ளோ எடை?"

வெக்கமாப் போச்சு என்றாளே, அந்த வெட்கம் அவளுடையது இல்லை. அது என் வீட்டிலிருந்து மாடிக்கு ஏறிப் போனது. நான் ஏற்றி அனுப்பியது.

"அக்கா, இதக் கொஞ்சம் பிடிங்க," என்று சட்டையைக் கொடுத்தேன்.

குழந்தைச் சட்டைதானே என்று ஒற்றைக் கையை நீட்டினாள். கை பொசுக்கென்று தாழ்ந்தது. பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையையும் கொடுத்துப் பிடித்தாள். அவள் கட்டைவிரல் ஓரத்தைத் தடவியது. ஒரு வில்லை, அதற்கடுத்து இன்னொன்று, இன்னொன்று. அவள் வீட்டு ஜன்னல் திரைகளையும் நான்தான் தைத்துக் கொடுத்தேன். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சு எழுநூறு," என்றேன், சிஸ்டர் சொல்வதைப் போல, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. "போன மாசம் அஞ்சு முன்னூறு. இவளோட எடை அவ்ளோதான் அக்கா. மிச்சமெல்லாம் இந்த இரும்பு."

நாற்காலிகளில் பேச்சு நின்றது. அக்கா என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சட்டையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். பாட்டிலை மூடிக் கூடைக்குள் போட்டுவிட்டு, ஜமீனின் கடைவாயைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

பாட்டில் போனதற்கு அவன் அழவே இல்லை. அவனுக்குப் பசி இல்லை.